சத்தமாகப் படித்த எண்

சத்துமாவு கவரில் சுற்றி, அதன்மேல் கைக்குட்டை கட்டித்தான் அந்தச் செல்போனை ஆயாம்மா இடுப்பில் செருகியிருப்பார். திருவொற்றியூரில் நான் பால்வாடி டீச்சராக இருந்த நாட்கள் அவை. ஆயாம்மா என் உதவியாளர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டாது. அத்திப்பட்டில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. "வலி எடுத்தா மொதல்ல எனக்குத்தான் அடிக்கும் டீச்சர்" என்பார். உலை கொதிக்கும்போதுகூட ஒரு கை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

செல்போன் திருட்டு பெருகியிருந்ததால் எங்கள் பால்வாடியிலேயே பெண்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வந்திருந்த எஸ்.ஐ. அம்மா தன்மையானவர். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அமுக்கினால் பதினைந்து இலக்க எண் ஒன்று வரும், அதை எழுதிவைத்தால் தொலைந்த போனைத் தேடலாம், பில் இல்லாத பழைய போனை வாங்காதீர்கள் என்றார். காணாமல்போன போன்களின் பட்டியலை என்னிடம் கொடுத்து, யாருடைய போனிலாவது செய்துகாட்டச் சொன்னார். ஒருத்தியும் அசையவில்லை. நான் அசடு வழிய நிற்பது பொறுக்காமல் ஆயாம்மாதான் எழுந்து வந்தார். "இந்தா டீச்சர், என்துல அமுக்கு."

எண்ணைச் சத்தமாகப் படித்தேன். பட்டியலின் மூன்றாவது வரியில் அதே எண். "மேடம், இதோ இருக்கு!" என்று கூவினேன், முதலில் விடை கண்டுபிடித்த பிள்ளை மாதிரி. சே, என்ன புத்தி அது! "ஹார்பராண்ட ஒருத்தன் வித்தாம்மா, திருட்டு மாலுன்னு சத்தியமா தெரியாது" என்று ஆயாம்மா எல்லோர் முன்னாலும் கும்பிட்டார். எஸ்.ஐ. அம்மா வழக்குப் போடவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு போனை எடுத்துச் சென்றார். அவர் செய்தது சரிதான். பறிகொடுத்தவளும் யாரோ ஓர் ஏழையாக இருந்திருப்பாள். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் ஆயாம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மகளுக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டு அவரே போனை ஒப்படைத்திருப்பார்.

"போலீசு புடுங்கிகினு போச்சுன்னு எந்த மூஞ்ச வெச்சிகினு மாப்ள வூட்டாண்ட சொல்றது?" என்று மகளிடமும் மறைத்துவிட்டார். நான்காம் நாள் அவளுக்கு வலி வந்திருக்கிறது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அம்மாவுக்கு அடித்து அடித்து ஓய்ந்து, மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ரயிலில் அரை மணி தூரத்தில் இருந்த அம்மாவுக்குச் சேதி மறுநாள்தான் கிடைத்தது.

இன்று அந்தத் தெருவில் ஆளுக்கு இரண்டு போன் இருக்கிறது. பயிற்சி நடத்த இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அப்போது இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. புதுப் போன் ஒன்று வாங்கி, பில்லையும் சேர்த்து ஆயாம்மாவிடம் நீட்டினேன். பிள்ளைகளின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"வேணா டீச்சர். அடிக்கறதுக்கு எனக்கு யாரு கீறா? எம் பொண்ணு என்னாண்ட பேசறதையே வுட்டுடுச்சு."