தாடைச் சுரப்பியும் மூடாத குழாய்களும்

1

2021-இல், எல்லோரும் மாஸ்க் போட்டு வேலை பார்த்த காலத்தில், ரேவதி எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். நான் அங்கே டெக்னிக்கல் ஆபீசர். அவள் செய்த முதல் சோதனையிலேயே, எங்கள் துறைத் தலைவர் பல வருடமாகச் சொல்லிவந்த ஒன்று காணாமல் போயிற்று.

பன்றிக்குக் காதடியில் ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி, தாடைக்கு அடியில் இன்னொன்று. காதடிச் சுரப்பியில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்சைம் உண்டு. தாடைச் சுரப்பியில் பெரும்பாலும் மியூசின்தான்: சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய கொழகொழப்பான புரதம், பிப்பெட்டைத் தூக்கினால் நூல்போல இழுபடும். அதில் அமைலேஸ் இருக்காது என்பதே பொதுவான கருத்து. துறைத் தலைவர் சார் மட்டும், நம் ஊர்ப் பன்றிகளில் இருக்கிறது என்றார். முந்தைய மாணவர்களின் அளவீடுகளும் அப்படியே சொல்லின. ஓய்வுபெறும் முன் அதை வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ரேவதிக்கு அது கிடைக்கவே இல்லை.

"வித்துரா இறைச்சிக் கூடத்திலேர்ந்து சுரப்பி ஐஸ்லதானே வரது? நீ வெளியில வச்சிருப்பே. என்சைம் செத்துப்போச்சு. திரும்பப் பண்ணு" என்றார் சார்.

"அதே பன்னி, அதே ஐஸ் பெட்டி சார். காதடிச் சுரப்பில அமைலேஸ் நல்லா வருது அல்லே? இது மட்டும் எப்படிச் சாவும்?"

"தர்க்கம் பண்ணாதே. நோக்குக் கை சரியில்லை."

திரும்பச் செய்தாள். திரும்பவும் பூஜ்ஜியம். திரும்பவும் கை சரியில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

2

மாஸ்க் விதி தளர்ந்தது. சில வாரங்களில் தாடைச் சுரப்பியில் அமைலேஸ் வந்துவிட்டது!

"பார்த்தியோ, இப்பத்தான் கை படிஞ்சிருக்கு. பழசெல்லாம் கெட்டுப்போன சாம்பிள்னு தீசிஸ்ல எழுதிடு."

ரேவதி என் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சேச்சி, நான் கெடுக்கல்ல. கெடுத்தேன்னு நானே எழுதணுமாக்கும்?"

எழுதினால் அத்தனை நாள் வேலையும் குப்பை. எழுதாவிட்டால் சார் தீசிஸில் கையெழுத்துப் போட மாட்டார்.

எதையும் தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். மாஸ்க்குக்கு முன் உண்டு, மாஸ்க்கோடு இல்லை, மாஸ்க் போனதும் உண்டு. சொல்லி முடித்தபோது இருவரும் சாரின் அறையைத் திரும்பிப் பார்த்தோம்.

சார் அறிவாளிதான். வாய் ஓயாது, அவ்வளவுதான். ரேக்கின் மேல் குனிந்து, திறந்த குழாய்களைப் பார்த்தே பேசுவார். மனித உமிழ்நீரில் அமைலேஸ் ஏராளம். கண்ணுக்குத் தெரியாத தெறிப்பு போதும். சுரப்பிச் சாறு சேர்க்காமல் ஒப்பிட வைக்கும் பிளாங்க் குழாய் மட்டும் தனியாக, மூடியோடு ஓரத்தில் நிற்கும். அதைப் பார்த்துப் பேச அவருக்கு என்ன இருக்கிறது?

3

அடுத்த செவ்வாய்க்கிழமை ரேவதி ரேக் முழுவதும் வெறும் பஃபர் கரைசலும் ஸ்டார்ச்சும் வைத்தாள். ஒரு குழாயை மட்டும் மூடினாள். சார் வந்தார். கவனக்குறைவைப் பற்றியும், பொறுமையைப் பற்றியும், மாணவனாக இருந்தபோது தான் பன்றித் தலையைப் பஸ்ஸில் கொண்டுவந்ததைப் பற்றியும் குனிந்தபடியே பேசினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குழாய்களை இன்குபேட்டரில் வைத்து எடுத்தபின் ரேவதி அயோடின் விட்டாள். ஸ்டார்ச் மிஞ்சியிருந்தால் நீலம் வரும்; அமைலேஸ் அதைச் சிதைத்திருந்தால் வராது. மூடிய குழாய் கருநீலமானது. சார் குனிந்திருந்த பக்கத்துக் குழாய்கள் வெளிறிய பழுப்பாகவே நின்றன.

"அப்படிப் போடு! என்ன ஆக்டிவிட்டி! இது எந்தப் பன்னி?"

ரேவதி ரேக்கை என் பக்கம் நகர்த்தினாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சுரப்பியே போடல்ல சார். வெறும் பஃபர்."

"அப்போ இந்த அமைலேஸ்?"

"நீங்க இப்ப பேசினது சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார்.

ரேவதியின் பூஜ்ஜியங்கள் தீசிஸில் அப்படியே நின்றன. சார் கையெழுத்தும் போட்டார். அவளிடம் வருத்தம் தெரிவித்தாரா? இல்லை. மறுநாள் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'மாணவர்கள் ஆய்வகத்தில் பேசக் கூடாது.' அதன் அவசியத்தை, ரேக்கின் மேல் குனிந்தபடி, எங்களுக்கு விரிவாக விளக்கவும் செய்தார்.

புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: குழாய்க்கு முதலில் மூடி போடுங்கள். பெரியவர்களின் பேச்சை அதன் பிறகு கேளுங்கள்.