ஹூக்காக் குடுவைக்கு ஒரு பஞ்சர்

சைக்கிள் டியூபுக்குச் செய்வதையே கண்ணாடிக்கும் செய்யலாம் என்று நினைத்த முட்டாள் நான்தான்.

யுத்தம் முடிந்த சமயம். சங்கரன்கோவிலில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அத்தர் விற்கும் பாய் ஒருவர் ஹூக்காவின் கண்ணாடிக் குடுவையோடு வந்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்தபோது, வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்ததாம்.

“தண்ணி ஒழுகல வே. இழுத்தா பொகை வரமாட்டேங்கு. எங்கனயோ காத்து போவுது.”

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஆவல் தாங்கவில்லை. குடுவையின் வாயில் ரப்பர் குழாயைச் செருகி, சுற்றிலும் துணியால் அடைத்து, டியூபைப் போலவே தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊதினேன். கழுத்துக்குக் கீழே மயிரிழைக் கீறல் ஒன்றிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின! பாய் கைதட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்.

ஒட்டுப் போடுமுன் உப்புத்தாளால் தேய்ப்பது என் கையின் பழக்கம். தேய்த்தேன். ‘டிக்’ என்றது. கீறல் ஒரு விரல் நீளம் ஓடிவிட்டது. அவசரமாகச் சொல்யூஷன் தடவி, நீளமான ரப்பர் துண்டை ஒட்டி மறைத்தேன்.

பாய் திரும்பி வந்து, குடுவையில் வாய் வைத்து இழுத்துப் பார்த்தார். “காத்து நிக்கி வே!” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“பாய், நான் தேய்ச்சதுல கீறல் நீண்டுட்டு.”

அவர் கறுப்பு ஒட்டைத் தடவிப் பார்த்தார். “முன்ன எங்கன கீறல்னே தெரியாம பயந்து பயந்து பிடிச்சேன். இனி அங்கன கை வைக்க மாட்டேன். அம்புட்டுத்தானே?”

அதற்குப் பிறகு, ஒட்டுப் போட்ட டியூபைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், ஓட்டை இருந்த இடத்தை நானே விரல் வைத்துக் காட்டிவிடுவேன்.