அப்பா போகாத ஒரு நடை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். தையல் இயந்திரத்துக்கு அப்பா விட்ட எண்ணெயின் வாடை வீடெங்கும் நிறைந்திருந்தபோது, தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். குவீன் ஸ்திரீட்டில், முன்பக்கம் அப்பாவின் தையல் கடையும் பின்பக்கம் எங்கள் குடித்தனமுமாக இருந்த அந்த வாடகை வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரரின் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை வாசிக்கத் தெரிந்தவள், இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த நான் மட்டுமே.

"பழம் வாங்கிக்கிட்டு நேரா போய் தம்பிகிட்ட கேட்டுட்டு வரேன்மா. அவங்க வாப்பாவுக்குக் கடைசிவரைக்கும் சட்டை தச்சது நான்தானே" என்றார் அப்பா. 'தம்பி' என்றது, முந்தைய ஆண்டு காலமான பழைய வீட்டுக்காரரின் மகனை. வீடு அப்போது அந்த மகனுடையதாகியிருந்தது.

"வேணாம்பா. லாயர் வரைக்கும் போயிடுச்சு. பழத்தத் தூக்கிட்டுப் போய் நின்னா கேவலமா நெனைப்பாங்க லா. நான் இங்கிலீஷ்ல அழகா எழுதுறேன்."

பள்ளியில் அப்போதுதான் ஆங்கில மரியாதைத் தொடர்களை நடத்தியிருந்தார்கள். 'வுட் யூ மைண்ட்' என்றால் அடுத்து 'அலவிங்'. 'வீ வுட் லைக்' என்றால் 'டு ஸ்டே'. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் 'டு' இருந்தும் 'ஹியரிங்'தான். ஒவ்வொரு வரிக்கும் பயந்து, கிழித்து, மறுபடி எழுதி, தட்டச்சுக் கடையில் அடித்து வாங்கி, பத்தாம் நாள்தான் பிழையில்லாத கடிதத்தை வீட்டுக்காரருக்குத் தபாலில் சேர்த்தேன். அதற்குள் அப்பா வாங்கி வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்கள் வாடத் தொடங்கியிருந்தன. நாங்களே தின்று தீர்த்தோம்.

அந்த வீடு இன்று சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி. கடை இருந்த இடத்தில் ஒரு பழைய தையல் இயந்திரத்தை அழகுக்கு வைத்திருக்கிறார்கள், அது எங்களுடையதல்ல. கடலுக்கு அக்கரையில் நாங்கள் குடிபோன பட்டர்வொர்த்தில், பன்னிரண்டாவது மாடியில், தைக்கக் கொடுக்க ஒருவரும் ஏறி வராத அடுக்ககத்தில், அப்பா இறந்துபோனார்.

சென்ற வாரம் என் மகள், ஆசிரியையிடம் ஏதோ கேட்டு எழுதிய மின்னஞ்சலை நீட்டி, "அம்மா, இது பொலைட்டா இருக்கா?" என்றாள். "எழுதாத! நேரா போய்க் கேளு!" என்று கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டுபோனாள். காரணத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று நான் கடிதம் போட்ட மறுவாரம் வீட்டுக்காரரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"கடுதாசியப் பார்த்து நீங்களும் லாயர் வச்சிட்டீங்கன்னு நெனச்சிட்டேன் அண்ணே. கேஸு கீஸுன்னு இழுத்துருமோன்னு பயந்து, நேத்து வீட்ட வித்துக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க ஒரு நடை வந்திருந்தா, வாப்பா முகத்துக்காக இருங்கன்னு சொல்லியிருப்பேன்லா."