கத்திரி ஒரு டப்பா தேடினாள்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோய்விட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது வங்கியிலும் மருந்துக்கடையிலும் மட்டும்தான் உச்சரித்தார்கள். தொழிலில் எல்லோருக்கும் அவள் கத்திரி. படத்தொகுப்பாளருக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஒரு பொழுது முழுக்க ஓடும் பேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டித் தள்ளி, எட்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவாள். பேசினவரே அதைப் பார்த்துவிட்டு, "அட, நானா இவ்வளவு நல்லாப் பேசினேன்?" என்று வாயைப் பிளப்பார்.

முன்பு ஒரு ஸ்டுடியோவில் ஆறு பேரோடு வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்தவள்தான். முதலாளி ஸ்டுடியோவை மூடி நாற்காலிகளைக்கூட விற்றபோது ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். எல்லோரும் வேலையை வீட்டுக்கே எடுத்துக்கொண்டார்கள். கத்திரி, அப்பா படுத்திருந்த அறையைக் காலி செய்து மேசையைப் போட்டாள். அப்பா போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் வேறு ஊரில் இருந்தான். காரில் ஆபீஸ் போகும் வழியில் கூப்பிடுவான். கார் நின்றதும் பேச்சும் நின்றுவிடும். "சரி, வந்துட்டேன், வச்சிடறேன்" என்பது அவனுடைய வழக்கமான முடிவுரை. அண்ணியைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்று இவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்கும்.

வேலைக்குக் குறைவில்லை. குறைந்துபோனது ஆள் நடமாட்டம்தான். காட்சிகள் இணையம் வழியே வரும், அதே வழியில் திரும்பிப் போகும். நாள் முழுக்க அவள் காதில் யாராவது பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவளிடம் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் படகு டைரக்டர் வந்தார். நேரில் வந்தார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு ஒன்றையும் அதை ஓட்டுகிறவர்களையும் ஒரு வருடமாகப் படம் பிடித்திருந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்து மேசையில் அடுக்கினார்.

"எதையும் விடலக்கா. நாலு கேமரா. மழை, வெயில், எல்லாம் இருக்கு."

"படகையும் கொண்டு வந்திருக்கலாமே" என்றாள் கத்திரி.

அவர் சிரித்தார். தண்ணீர் கொண்டுவர அவள் எழுந்தபோது, கீழே வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவளுடைய கம்ப்யூட்டர் சின்னப் பெட்டி. மூளை நல்ல கூர்மை, வயிறுதான் சின்னது. உள்ளே இருக்கும் இடத்தைக் கூட்ட முடியாதபடி செய்திருந்தார்கள். இத்தனை காட்சிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரி, டைரக்டர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓட்டிப் பார்ப்போம் என்று நாலு கேமராவையும் ஒன்றாகத் திரையில் போட்டாள். படகோட்டி வாயைத் திறந்தார்; திறந்தபடியே நின்றார். உள்ளே தட்டு கரகரவென்று சுற்றியது. அவர் வாய் மூடுவதற்குள் இவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

எஸ்.எஸ்.டி. வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்தது. காட்சிகளைச் சேமித்து வைக்க, விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. ஓடுகிற, சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. அதை நல்லதாகப் பார்த்து வாங்கியும் விட்டாள். ஆனால் அந்தப் பட்டையைத் தனியாகக் கம்ப்யூட்டரில் செருக முடியாது. அதை உள்ளே வைத்து மூடிக் கேபிளில் இணைக்க ஒரு டப்பா வேண்டும். பட்டையைவிட டப்பாவைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

இணையத்தில் ஆயிரம் டப்பா. எல்லாமே மின்னல் வேகம் என்று மார்தட்டின. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததை இன்னொருவர், "டப்பாவா இது, இஸ்திரிப்பெட்டி" என்று திட்டியிருந்தார். ஒன்றில் வேகம் பத்து என்று போட்டிருந்தது, இன்னொன்றில் நாற்பது. படிக்கப் படிக்கக் கண்ணைக் கட்டியது. கடைசியில் ஒரு கடையின் பக்கத்தில் "சந்தேகம் இருந்தால் அழைக்கவும்" என்று போட்டிருந்த எண்ணை அழைத்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றது ஒரு குரல். அவள் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"நான் அக்கான்னு எப்படித் தெரியும்?"

"தம்பியா இருந்தா இந்நேரம் விலையைக் கேட்டிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு கேமராவைப் பற்றியும் நின்றுபோன படகோட்டியைப் பற்றியும் சொன்னாள். கடைக்காரர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"டப்பால போட்டிருக்கற நம்பர் குழாயோட அகலம் மாதிரிக்கா. பத்து சின்னக் குழாய், நாற்பது பெரிய குழாய். உங்க கம்ப்யூட்டர்லயும் அந்தப் பெரிய குழாய்க்கு வாய் இருக்கணும். முன்பக்கத் துளையா, பின்பக்கமா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"பின்பக்கம்தான் வேகமா இருக்கும். மாடல் நம்பர் சொல்லுங்க, பார்க்கறேன்." பார்த்தார். "இருக்குக்கா. நாற்பதே வாங்குங்க. பையில போட்டுட்டு ஊர் சுத்துவீங்களா?"

"எங்க சுத்தறது? மேசையோட சரி."

"அப்ப சின்னதா, அழகா தேடாதீங்க. கனமா, அலுமினியத்துல, முதுகுல வரி வரியா இருக்கும் பாருங்க, அது. கனம் இருந்தா சூடு தாங்கும். சூடானா பட்டை தானா வேகத்தைக் குறைச்சுக்கும்."

உண்மையைச் சொன்னால், அந்த முதல் பேச்சிலேயே முடிவாகிவிட்டது. விசிறி வைத்த டப்பா ஒன்றும் இருந்தது. வேலை பார்க்கும்போது பேசுகிறவர் மூச்சு விடுவதைக்கூடக் காது கொடுத்துக் கேட்கிறவளுக்கு அந்த இரைச்சல் ஆகாது என்று அதை அப்போதே தள்ளிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு டப்பா. வாங்கியிருக்கலாம்.

அவள் வாங்கவில்லை. மறுநாள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, சூட்டைக் கடத்துவதற்காகப் பட்டைக்கும் மூடிக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் போன்ற வில்லை கூடவே வருமா என்று ஒரு கேள்வி உதித்தது. கூப்பிட்டாள். வரும் என்றார். அப்புறம் ஒரு நாள், மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். அடுத்தது, திருகாணி தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்பது. கேள்விகள் தானாக முளைத்தன. முளைக்காத நாளில் உட்கார்ந்து யோசித்து முளைக்க வைத்தாள். கூப்பிடுவதற்கு முன் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டாள். சில நாட்களில் அன்றைக்கு அவள் பேசும் முதல் வார்த்தையே "தம்பி" என்பதாக இருந்தது.

"கறுப்புக் கலர் சூட்டை அதிகமா இழுக்குமா தம்பி? வெள்ளி கலரே வாங்கிடட்டுமா?"

எதிர்முனையில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, டப்பாவைக் கட்டிக்கிட்டா வாழப்போறீங்க? கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கெடக்கப்போற பொருளுக்கு இத்தனை பொருத்தமா?" என்றார்.

கத்திரி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறையில் தன் சிரிப்பு எப்படி ஒலிக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தன்னை ஒருவர் கேலி செய்து எவ்வளவு காலமாயிற்று! அன்று பொழுது சாயும் வரை அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கடைக்காரரும் எத்தனை நாள் பொறுப்பார்? "அக்கா, ஸ்டாக் தீரப்போகுது. வேணுமா, வேண்டாமா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"அனுப்பிடுங்க" என்றாள். சொன்னபிறகு கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

டப்பா வந்தது. கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனம். பட்டையைப் பொருத்தி, வில்லையின் இரண்டு பக்கத் தாளையும் உரித்து ஒட்டி, மூடியைத் திருகினாள். கம்ப்யூட்டர் மேசைக்கடியில் தரையில் இருந்தது. கூட வந்த கேபிளோ சாண் நீளம். அதில் இணைத்தால் டப்பா மேசைக்கு எட்டாமல் தூக்கில் தொங்கும். இழுப்பறையில் போனுக்குச் சார்ஜ் போடும் நீளமான கேபிள் ஒன்று கிடந்தது. முனை கச்சிதமாகப் பொருந்தியது. டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டாள்.

காட்சிகளை இரவெல்லாம் அதில் ஏற்றி, நாலு கேமராவையும் ஓட்டினாள். படகோட்டி வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

அவளுக்கு முதலில் பகீரென்றது. அத்தனை ஆராய்ச்சியும் ஆற்றோடு போயிற்றா? அடுத்த கணமே, அதற்கு அடியில், வெட்கமில்லாமல் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது, இட்டுக்கட்டாத காரணம். அந்தச் சந்தோஷத்தைக் கையும் களவுமாகப் பிடித்தபோது, அவள் மனசு சுருங்கிப்போயிற்று. ஒரு டப்பா கெட்டுப்போனதற்கா மகிழ வேண்டும் ஒரு மனுஷி?

"கடைக்குக் கொண்டு வந்துடுங்கக்கா, பார்த்துடலாம்" என்றார் அவர். அப்போதுதான் அந்தக் குரலுக்கு ஒரு இடம் இருக்கிறது என்பதும், அது இதே ஊரில், இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்பதும் அவளுக்கு உறைத்தது.

நல்ல சட்டையாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். டப்பாவோடு இரண்டு கேபிளையும் பையில் போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டிடம். மாடிப்படியில் பாதியை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன. கடை ஓர் அறையளவுதான். கவுண்டருக்குப் பின்னால், குரலைவிட ஒல்லியான ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கை பார்சலுக்கு டேப் ஒட்ட, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"...அட அண்ணே, டப்பாவைக் கட்டிக்கிட்டா வாழப்போறீங்க? பின்னாடி கெடக்கப்போற பொருளுக்கு இத்தனை பொருத்தமா?"

கத்திரி கவுண்டரின் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். அதே ஏற்றம், அதே இறக்கம், முன்னால் அதே ஒரு கண இடைவெளி. வெட்டி ஒட்டுகிறவளுக்குத் தெரியாதா, ஒரே துண்டை இரண்டு இடத்தில் போட்டால்? அவர் மேல் குற்றம் ஒன்றுமில்லை. நாள் முழுக்கப் பேசி விற்கிற மனுஷர், ஆளுக்கொரு நகைச்சுவையா தயாரிக்க முடியும்? அது அவளுக்கும் புரிந்தது. புரிந்தும் அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்கக்கா" என்றார், அவள் பக்கம் திரும்பி.

"நான்தான்... கறுப்புக் கலர் சூட்டை இழுக்குமான்னு கேட்டேனே."

அவர் கண் ஒரு சுற்று சுற்றி வந்தது. "ஆங்... ஆமா, ஆமாக்கா! உக்காருங்க." ஞாபகமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் உட்கார்ந்திருந்த தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

கடையின் கம்ப்யூட்டரில், கடையின் கேபிளில் டப்பாவை இணைத்தார். அம்பு மாதிரி பாய்ந்தது. இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள்.

"டப்பா ஜம்முனு இருக்கேக்கா."

கத்திரி மெதுவாகப் பையிலிருந்து தன் நீளக் கேபிளை எடுத்தாள். "இதைப் போட்டுப் பாருங்க."

போட்டார். வேகம் தரைதட்டி நின்றது. "ஐயோ அக்கா, இது சார்ஜ் கேபிள். பார்க்க ஒண்ணுபோல இருக்கும், உள்ள கம்பி கம்மி. பெரிய குழாய் வாங்கி, நடுவுல ஸ்ட்ராவைச் சொருகிட்டீங்க."

"என் தப்புதான். கம்ப்யூட்டர் தரையில இருக்கு, கேபிள் எட்டல."

"கம்ப்யூட்டரைத் தூக்கி மேல வச்சிடுங்க. அவ்வளவுதான்." காதில் மறுபடி மணி அடித்தது. "வேற எதுனாலும் கூப்பிடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே, "சொல்லுங்கண்ணே" என்று அடுத்தவரிடம் போனார்.

வேறு எதுவும் இல்லை என்பது படியிறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து மேசைமேல் ஏற்றினாள். குட்டைக் கேபிளில் டப்பா அதன் பின்னால் அடங்கிப் படுத்துக்கொண்டது. படகோட்டி வாயைத் திறந்தார், பேசினார், துப்பினார், துடுப்பைத் தள்ளினார். நாலு பக்கமும் ஆறு தங்குதடையில்லாமல் ஓடியது. அப்புறம் அவள் வேலையில் மூழ்கிப்போனாள். ஒரு வருட ஆற்றை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தாள். பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு, ஆளில்லாத படகு அக்கரையிலிருந்து திரும்பி வரும் ஒரு காட்சியை மட்டும் நீளமாக விட்டாள். அவள் வெட்டாமல் விட்டதைப் பார்த்தால் ஸ்டுடியோவில் கூட இருந்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

"வந்து பக்கத்துல உக்காந்து பாருங்களேன்" என்று டைரக்டருக்குப் போன் செய்தாள்.

"லிங்க் அனுப்பிடுங்கக்கா, போதும்."

அனுப்பினாள். "சூப்பர் அக்கா" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிவப்பு இதயம். அந்த நீளமான காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் அவள் போனில் எண்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஸ்டுடியோவில் ஒலிக்கலவை செய்தவளின் எண்ணில் விரல் நின்றது. பக்கத்து நாற்காலிக்காரி. ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் ஊர்வம்புமாக வேலை பார்த்தவள். பேசி இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. என்ன கேட்பது என்று கத்திரி யோசித்தாள். ஒலி சம்பந்தமாக ஒரு சந்தேகத்தைத் தயார் செய்தாள். பிறகு அதை வேண்டாமென்று விட்டுவிட்டு அழைத்தாள்.

"ஏய் கத்திரி! என்னடி, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லையே."

"வேலை ஏதாவது அவசரமா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" குரலில் சந்தேகம். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தமும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் கேட்டன. "மகன் நீச்சல் கிளாஸ்ல இருக்கான்டி. இதோ வெளியில வரான். ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன், சரியா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடவில்லை. கத்திரி போனைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்தினாள்.

அதற்கடுத்த வாரத்தின் நடுவில், மத்தியானம் போன் அடித்தது. சொன்ன நாளைப் பற்றி ஒலிக்காரி ஒன்றும் சொல்லவில்லை. வாயில் சோற்றோடு, மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள். கத்திரி போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தானும் சாப்பிட்டாள். "ம்" கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டினாள். ஒலிக்காரி சாப்பிட்டு முடித்தாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "சரிடி, வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள். எதற்குக் கூப்பிட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கத்திரி கையைக் கழுவப் போகாமல், விரல்கள் காயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.