கொத்தளத்து மாடம்

"உள்ள போ. தலைய மட்டும் குனிஞ்சுக்க," என்று சரசு முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மருமகள் வனஜா நகரவில்லை. ஏழு மாத வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் இருந்த மாடம் ஒரு ஆள் நிற்கிற அளவுதான். உள்ளேயிருந்து வௌவால் நாற்றம் வந்தது.

ஆனேக்கல்லுக்கு அப்பால், இடிந்த கோட்டையில் மிஞ்சியிருந்த ஒரே கொத்தளம் அது. சரசு கட்டும் புது வீட்டின் தெற்குச் சுவர் இரண்டு தடவை விழுந்துவிட்டது. அதற்கு ஒரு பூஜை என்றுதான் அழைத்து வந்திருந்தாள். பொம்மசந்திரா மருந்துக் கம்பெனியில் மாத்திரை பேக் செய்யும் வனஜா கிருஷ்ணகிரிப் பெண். இந்த ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியாது.

மாடத்துக்கு விளக்கேற்றுகிற கோவிந்தப்பாதான் சொன்னார். "பகல்ல கட்டின கோட்டைச் செவரு ராத்திரி விழுமாம். பாளையக்காரரோட மருமக, நெறமாசம், 'நான் தாங்குறேன்'னு இதுல வந்து நின்னா. முன்னால கல்லு வச்சு மூடிட்டாங்க. அப்புறம் விழவேயில்ல."

"விழுந்துதானே கெடக்கு?" என்று கேட்டாள் வனஜா.

"அது பீரங்கிம்மா. அவ என்ன பண்ணுவா பாவம்? மூடின கல்லு பேந்தப்ப உள்ள வளையல்தான் இருந்துச்சாம். நீங்க பயப்படாதீங்க, இப்பதான் சிமெண்ட் இருக்கே!" அவரே சிரித்துக்கொண்டார்.

வீடு கட்டுகிறவர்களின் கர்ப்பிணி மருமகள் உள்ளே நின்று அதே வார்த்தையைச் சொல்ல வேண்டுமாம். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு பக்கமாகத் திரும்பியது. வனஜா கணவன் உமேஷைப் பார்த்தாள். அவன் பைக்கருகில் நின்று போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெறும் வாய் வார்த்தைதானடி. சொல்லிட்டு வா," என்றாள் சரசு.

"அப்ப நீங்க சொல்லுங்க அத்தை."

சரசு வாயைத் திறந்தாள். மாடத்தைப் பார்த்தாள். அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டது. "எனக்கெதுக்கு?" என்று ஒரு அடி பின்னால் போனாள்.

அதைப் பார்த்த பிறகுதான் வனஜா மாடத்தை விட்டு விலகினாள். யார் கையையும் பிடிக்காமல், உட்கார்ந்து உட்கார்ந்து, சரிந்த கற்களின் மேல் இறங்கினாள்.

மறுநாள் திங்கள்கிழமை. வனஜா வேலைக்குப் போகவில்லை. ஆனேக்கல்லில் ஓசூர் பஸ் ஏறினாள். ஓசூரில் மாறி மத்தியானம் கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தாள். அம்மா ரசம் வைத்தாள். உமேஷ் போன் செய்து எப்போது வருவாய் என்று கேட்டான். பிள்ளை பிறந்த பிறகு என்றாள். சாயங்காலம் மழை பெய்தது. துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.