விரல் தொட்ட பக்கம்

அன்று காலை முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று, வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தனபாக்கியத்திடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அப்போதுதான் மதுரையிலிருந்து தந்தி வந்தது. ஆராய்ச்சிக்கூடத்து மேசையருகே உட்கார்ந்தபடியே அவர் இறந்துவிட்டாராம். ஜன்னலுக்கு வெளியே மண்டபத்துக் கடல் அலையில்லாமல் வெளிறிக் கிடந்தது, தூக்கத்தில் பார்க்கும் கடலைப்போல.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கட்டுரையும் தெரிந்திருக்கும். சுதந்திரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், புகையிலை அதக்கும் மீனவர்களின் வாய்ப்புண்ணைப் பற்றி ஊர் ஊராக வந்து எழுதியவர் அவர். பாதி ஊர்களில் பதிவேடு எழுதியவள் நான். அபிராமத்தில் நிலபுலன் உள்ள வீட்டிலிருந்து விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். என்னைவிட நான்கு வயது மூத்தவரானாலும் சண்டை போடும் அளவுக்கு நாங்கள் சிநேகிதிகள்.

புகையிலையை எந்தப் பக்கம் அதக்கினாலும் புண் எந்தப் பக்கத்திலும் வரலாம் என்பது கட்டுரையின் முடிவு. அது அச்சானதும் பிரதி கேட்டு வெளிநாடுகளிலிருந்து அட்டைகள் வந்தன. அந்தத் தபால்தலைகளில் பனிமலைகளும் பெயர் தெரியாத பறவைகளும் இருந்தன. அவற்றை வெயிலில் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

மறு வருஷம் மண்டபத்தில் சூசை என்ற பெரியவரிடம் அவருடைய பதிவைப் படித்துக் காட்டினேன். புகையிலை இடது கன்னம், புண் வலது கன்னம்.

அவர் சிரித்தார். “ஏத்தா, புண்ணு இங்கனல்ல இருக்கு,” என்று இடது கன்னத்தைத் தொட்டார். “வலப்பக்கப் பல்லு வலை நூலைக் கடிக்கணும். அதான் பொகையிலை எப்பவும் இந்தப் பக்கம். படிச்ச ஆத்தாளுக்குச் சோத்துக்கை எதுன்னு தெரியலையே.”

புகையிலைப் பக்கம் அவர்கள் வாயால் சொன்னது; புண்ணை எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். என் வலப்பக்கம் தெரிந்த புண்ணை வலது என்றே எழுதியிருந்தேன். சில சமயம் நினைவு வந்து மாற்றியும் எழுதியிருக்கிறேன். எது எதை என்று எனக்கே தெரியவில்லை.

அன்றே டாக்டரிடம் சொன்னேன். ஆராய்ச்சிக்கூடத்தில் மூத்தவர் ஒருவர், “யாருக்கும் தெரியப் போறதில்ல, விட்டுருங்கம்மா,” என்றார். “எந்த இடத்துல பாக்கணும்னு தெரிஞ்சாத்தானய்யா புண்ணு வர்றதுக்கு முன்னாடியே பாக்க முடியும்,” என்றார் டாக்டர். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார். அதில், ‘பதிவில் நேர்ந்த தவறு என்னுடையது’ என்றிருந்தது. வெளிநாட்டு மாநாட்டு அழைப்பு அதன்பின் வரவில்லை. அட்டைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பிரதியின் மேலும், ‘இந்த முடிவை இப்போதைக்கு நம்ப வேண்டாம்’ என்று தன் கையால் எழுதி அனுப்பினார்.

பிறகு நான் பதிவு எழுதிய ஊர்கள் எல்லாவற்றுக்கும் இருவரும் மறுபடி நடந்தோம். “இனிமே அவுக விரல் தொடட்டும் கோமதி, நீ சும்மா எழுது,” என்பார். உப்புக் காற்றில், வெயில் கூசும் மணலில், வாய் திறந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு விரலும் தன் கன்னத்தைத் தானே தொட்டது. அநேகமாக எல்லா விரல்களும் புகையிலை இருந்த பக்கத்தையே தொட்டன. தவறு என்னுடையது என்று எங்காவது என் பெயரைப் போடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். “கட்டுரைல போடுறேன். தப்புல எதுக்கு?” என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

காரங்காடு மட்டும் பாக்கி. போன மாதம் போவதாக இருந்தோம். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் தேர்வு என்று தள்ளிப் போட்டவள் நான்தான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை அந்தப் பதிவேடும், தினமும் காலையில் வாய் திறக்கும் இந்தப் பழக்கமும்தான். வரும் திங்கட்கிழமை கல்லூரிக்கு விடுப்பு எழுதிவிட்டுக் காரங்காட்டுக்குப் போகிறேன். அந்த ஊரையும் முடித்து அனுப்பும் கட்டுரைக்கு அவர் பெயர்தான். தவறு யாருடையது என்ற ஒரு வரியில் மட்டும் என் பெயரை எழுதுவேன். இதை வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.