ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒட்டியாணம்

1. மூக்கும் வேலை செய்ய வேண்டும்

கம்ப்யூட்டர் வழியாக நகை விற்கத் தொடங்கியதும் நான் கற்ற முதல் பாடம், திரும்பி வரும் பார்சலைப் பிரிக்கும்போது கண்ணோடு மூக்கையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது.

அமெரிக்காவிலிருந்து, பின்னந்தலையில் வைக்கும் ராக்கொடி ஒன்று திரும்பி வந்தது. "நிறம் பிடிக்கவில்லை, ஒருமுறைகூட அணியவில்லை" என்று அந்த அம்மாள் மெயில் எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்தேன். தேங்காய் எண்ணெயும் மேக்கப் பவுடரும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. கொக்கியில் நீளமாக ஒரு தலைமுடி வேறு. மேடையில் ஆடி முடித்து, கைத்தட்டல் வாங்கி, சாவகாசமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தத் தைரியத்துக்கே ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

நான் வேலை பார்த்தது திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில், நடன நகைகள் விற்கும் ஒரு கடையில். வெள்ளியில் செய்து, தங்க முலாம் பூசி, சிவப்புக் கெம்புக்கல் பதித்த கோயில் நகைகள். செய்வது வடசேரிப் பட்டறையில், விற்பது இங்கே. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் மனைவி எனக்கு மதினி. நான் பில் போடப் போனவள். இங்கிலீஷில் மெயில் அடிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக, கடைக்கு வெப்சைட் வந்ததும் என்னை ஆன்லைன் செக்‌ஷன் ஆக்கிவிட்டார்கள். செக்‌ஷன் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, பில்களைப் பறக்கடிக்கும் ஒரு டேபிள் ஃபேன்.

ராக்கொடியாவது எங்கள் ராக்கொடியாகவே வந்தது. அடுத்து லண்டனிலிருந்து திரும்பி வந்த மாலை எங்கள் மாலையே இல்லை. பெட்டி எங்களுடையது, பஞ்சு எங்களுடையது, உள்ளே கிடந்தது பித்தளைக் கவரிங். நாங்கள் போட்டோ அனுப்பி வாதாடினோம். போட்டோவில் இரண்டும் அக்கா தங்கை போலத்தான் இருந்தன. வாங்கியவர் கார்டு கம்பெனியில் புகார் கொடுக்க, பேங்க் எங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டது. அண்ணாச்சிக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

2. அரக்கு

பட்டறையில் அரக்கு எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அண்ணாச்சிக்கு யோசனை வந்தது. நகையின் கொக்கி வாயைச் சிவப்புச் சரடால் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சின்மேல் ஒரு சொட்டு அரக்கு விட்டு, கடையின் முத்திரையைக் குத்த வேண்டும். சரட்டை அறுக்காமல் கொக்கியை மாட்ட முடியாது. சரடு அறுந்திருந்தால் மாற்றிக் கொடுப்பதில்லை, பணமும் திருப்புவதில்லை. இதை வெப்சைட்டில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

மதினி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். அரங்கேற்றத்துக்கென்று கடைக்கு வந்து செட் வாங்குகிறவர்களுக்கு நகையில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். கம்ப்யூட்டரில் வாங்கும் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது என்று, முத்திரைச் சரட்டிலேயே ஒரு மஞ்சள் துண்டையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்.

"கள்ளனுக்கு அரக்கு, சாமிக்கு மஞ்சள். ரெண்டும் ஒரே சரட்டுல. எப்படி?" என்று அண்ணாச்சி பெருமைப்பட்டுக்கொண்டார்.

பலன் இருந்தது. ஆடிவிட்டுத் திருப்புகிறவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். ஒரு பெண்மணி, சீல் இல்லாமல் அனுப்ப முடியுமா என்றே கேட்டு எழுதினார். "ஸாரி மேடம்" என்று நான் அடித்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சம்பளத்தில் சேர்க்க முடியாது.

3. புஷ்பராணி

அதுவரை எங்கள் பார்சல்கள் அமெரிக்கா, லண்டன், துபாய் என்றுதான் போய்க்கொண்டிருந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முதல் ஆர்டர் புஷ்பராணியுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகளின் அரங்கேற்றத்துக்கு முழு செட் வாங்கினார். ஆர்டர் போடும் முன்பே நாலைந்து மெயில். மகள் ஆறு வயதிலிருந்து ஆடுகிறாள், இதற்கென்றே கூடுதல் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு என்றெல்லாம் எழுதியிருந்தார்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் அடுத்த மெயில் வந்தது. ஒட்டியாணத்தின் நடுத் தாமரையில் இரண்டு கல் இல்லை, பெட்டிக்குள்ளும் கிடக்கவில்லை, அரங்கேற்றம் வந்துவிட்டது, தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள் என்று. கூடவே போட்டோ. கல் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. கொக்கியைப் பார்த்தேன். சரடு இல்லை, அரக்கு இல்லை, மஞ்சளும் இல்லை.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"கல்லு ரெண்டு போயிருக்கு, சரட்டையும் காணல. போட்டு ஆடியாச்சு, ஆட்டத்துல கல்லு தெறிச்சாச்சு. பின்னே என்ன? லண்டன்காரி நம்மள நல்லா பற்றிச்சா, இவளும் பற்றிக்கப் பாக்கா. முடியாதுன்னு எழுதிப் போடு ரமணி."

பற்றிப்பது என்றால் எங்கள் ஊரில் ஏமாற்றுவது. எனக்கும் கோபம்தான். அந்த முதியோர் இல்லத்துக் கதையை நம்பி நெகிழ்ந்துபோனவள் நான் அல்லவா. ஆனால் வெறுமனே மறுத்து எழுத மனம் வரவில்லை, அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று போன் போட்டேன். ஒரு கொக்கி வைத்திருந்தேன். சரட்டில் மஞ்சள் கட்டியிருந்தது அதை அறுத்தவருக்குத்தானே தெரியும்?

"ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ" என்றார் புஷ்பராணி. குரலில் அவ்வளவு நம்பிக்கை.

"அக்கா, ஒட்டியாணத்துக் கொக்கியில சிவப்பு நூல் இருந்துச்சே?"

"நூலோ? நான் ஒரு நூலையும் காணேல்லை."

"அதுல கட்டியிருந்த மஞ்சளை எங்க வச்சீங்க? பூஜையிலயா?" என்று இனிப்பாகக் கேட்டேன்.

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"மஞ்சளோ! அதுதானோ அந்தக் கிழங்கு? பெட்டியை இஞ்ச கஸ்டம்ஸில திறந்துதான் அனுப்பினவை தங்கச்சி. மேல பச்சை டேப் ஒட்டிக் கிடந்தது. உள்ள ஒரு சீட்டு, ஏதோ கிழங்கு இருந்ததாம், எடுத்துப் போட்டினமாம். இந்த நாட்டுக்குள்ள விதை, கிழங்கு ஒண்டும் விடமாட்டினம். நகைக்கடையில இருந்து கிழங்கு வருமோ எண்டு நானும் மகளும் சிரிச்சனாங்கள்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். நான் எதற்கு அழைத்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"நீங்கள் என்னைக் கள்ளி எண்டு நினைச்சனீங்களோ?"

"நினைச்சுட்டேன் அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன்.

4. சரடு

நடந்ததைச் சொன்னதும் மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நான்லா கட்டுனேன். பிள்ளைக்கு நல்லது வரட்டும்னுலா கட்டுனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிழங்கை எடுக்கச் சரட்டை வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டி இழுத்ததில் கல்லும் தெறித்திருக்க வேண்டும். கள்ளனுக்குக் கட்டிய சரட்டில் நாங்களே மஞ்சளைக் கட்டி, யோக்கியமான ஒரு மனுஷியைக் கள்ளியாக்கி வைத்திருந்தோம்.

பழைய ஒட்டியாணம் கைக்கு வந்து சேர்ந்தபிறகே புதியதை அனுப்புவது எங்கள் விதி. அப்படிக் காத்திருந்தால் அரங்கேற்றம் முடிந்துவிடும். அனுப்பிவிட்டு, பழையது வராமலே போனால்? லண்டன் பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வடசேரிக்குப் போன் போட்டார்.

"கையில உள்ள வேலைய மாத்தி வையும் ஓய். ஒட்டியாணம் ஒண்ணு வேணும், ஒடனே. கல்லு ஒவ்வொண்ணையும் குத்திப் பாத்துத் தாரும்."

வைத்ததும் என்னிடம், "அவ அனுப்பலைன்னா போட்டும். ஒரு பிள்ளைக்க ஆட்டம் நம்மளால நிக்கப்படாது" என்றார்.

புதிய ஒட்டியாணத்துக்கும் முத்திரை வைத்தோம், மஞ்சள் இல்லாமல். மதினிக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சள் துண்டை ஒட்டியாணத்தில் தொட்டு எடுத்து, கடைப் பிள்ளையார் படத்தில் கட்டினார். "அங்க ஆடி முடியட்டும், பொறவு அவுப்போம்" என்றார். நான் பார்சலைப் போட்டுவிட்டு, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இப்போது ஆன்லைனில் நகை விற்கும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். முத்திரை வையுங்கள், பேக் செய்வதை வீடியோ எடுங்கள், எடையைக் குறித்து வையுங்கள், எல்லாம் வேண்டியதுதான். ஏமாற்றுகிறவர்கள் குறையவில்லை. ஆனால் முத்திரை அறுந்திருப்பதைப் பார்த்த உடனே ஆளைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். முதலில் போனை எடுங்கள். என்னைப் போலப் பொறி வைத்துக் கேட்காமல், என்ன நடந்தது என்று நேராகக் கேளுங்கள்.

பழைய ஒட்டியாணம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அரங்கேற்றம் முடிந்து புஷ்பராணி போட்டோக்கள் அனுப்பினார். மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினோம். மகள் மேடையில் அவ்வளவு அழகு. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்ப் பிள்ளையார் படத்திலிருந்து மஞ்சளை அவிழ்த்தார்.

கடைசிப் போட்டோ மேக்கப் அறையில் எடுத்தது. பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள், யாரோ பூ வைக்கிறார்கள். இடுப்பில் ஒட்டியாணத்தின் இரண்டு முனைகளும் ஒரு கறுப்புக் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் கொக்கி சும்மா தொங்கியது. அதன் வாயில் எங்கள் சிவப்புச் சரடும் அரக்கும் அப்படியே இருந்தன.

கீழே எழுதியிருந்தார்: "கவனமாய்க் கட்டினனான் தங்கச்சி. நூலை அறுக்கேல்லை. பிறகு கல் ஏதும் விழுந்தால் நீங்கள் நம்பமாட்டியள் எல்லோ."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் பதில் அடித்தேன். "அறுத்துவிடுங்கள் அக்கா. அது உங்கள் பிள்ளையின் நகை."